நனையாத படுக்கை

எதிர் ஃப்ளாட் மாமி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அவருடைய மூக்கு. இரண்டு பக்கமும் வைரம் மின்னும் அழகான மூக்குதான், ஆனால் நான் அழகைச் சொல்லவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் மாமி வாசலில் ஒரு விநாடி நின்று மூச்சை மெதுவாக உள்ளே இழுப்பார். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். அதற்குள் உங்கள் வீட்டில் எந்த மூலையில் எந்தத் துணி ஈரமாகக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அவர் செய்த உதவியைச் சொந்தக்காரர்கள்கூடச் செய்யவில்லை. இருந்தும் அவரை நினைத்தால் எனக்கு அன்பும் பயமும் சேர்ந்தேதான் வருகிறது. எது கூடுதல் என்று கேட்டால் பயம் என்றுதான் சொல்வேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் அடுக்கு மாடி. இரண்டாவது தளத்தில் ஒரு பக்கம் நானும் அம்மாவும், எதிர்ப்பக்கம் மாமியும் அவர் கணவரும். மாமா ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்தது. ஒரே மகன் வெளிநாட்டில். வாரம் தவறாமல் வீடியோ காலில் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவான்.

மாமிக்கு ஈரம் ஆகாது. குளித்து முடித்தால் பாத்ரூம் தரையைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் தலையைத் துவட்டுவார். கழுவிய டம்ளரைத் துடைக்காமல் அலமாரியில் வைத்து நான் பார்த்ததில்லை. வாசலில் தெளித்த தண்ணீர் முழுக்கக் காய்ந்த பிறகுதான் கோலப்பொடிக் கிண்ணம் வெளியே வரும். அந்தக் கோலம் முதல் காற்றிலேயே பறந்துவிடும் என்பது வேறு விஷயம். ஆடிப் பதினெட்டுக்குத் தெருவே காவிரிக்கு இறங்கும்போது மாமி பால்கனியில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

“கால் நனைஞ்சா நாள் பூரா நசநசங்கும்டிம்மா” என்பார். நாங்கள் சிரிப்போம். மாமியும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மாமா ஆவணி பிறந்த வாரத்தில் போனார். நான் போன் மேல் போன் போட்டு நச்சரித்த பிறகு மகன் பறந்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் எல்லாம் ஏற்றிப் பார்த்தான். சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். துக்கத்துக்கு வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசியதெல்லாம் மாமியைப் பற்றித்தான்.

“ரெண்டு வருஷமா படுக்கை. உள்ள நுழைஞ்சா ஒரு வாடை உண்டோ?”

“முதுகுல ஒரு புண் உண்டோ? ஆஸ்பத்திரிலகூட இப்படிப் பாத்துக்க மாட்டா.”

“பெத்த குழந்தையாட்டம் வெச்சிண்டிருந்தா. இந்தக் காலத்துல யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?”

மாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மைதான். அதனால்தான் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து பால்கனிக்கு வந்துவிட்டேன். எனக்குத் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாமி எனக்கு நெருக்கமானது அம்மா விழுந்ததற்குப் பிறகுதான். காந்தி மார்க்கெட்டில்தான் காய் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்துப் போய், அழுகின முட்டைக்கோஸ் இலையில் கால் வைத்து, இடுப்பை உடைத்துக்கொண்டாள் என் அம்மா. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. சிறுநீர் வருவது அம்மாவுக்குத் தெரியும், அடக்கத்தான் முடியாது. கட்டிலில் ரப்பர் ஷீட்டைப் போட்டு மேலே பழைய புடவையை மடித்துப் போட்டேன். துவைத்துத் துவைத்து என் விரல் வெளுத்துப் போனது. அம்மாவின் முதுகு சிவந்து தடித்தது.

பேட் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதைக் கடையில் கேட்டு வாங்கத்தான் வாய் வரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் நாலைந்து ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். “கட்டிலுக்குப் போடுறது, ஈரம் உறிஞ்சுமே, அது” என்று முணுமுணுத்தேன். குழந்தைக்குப் போடுவது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது அம்மாவுக்குக் கைக்குட்டை அளவுதான். அடுத்த முறை வெட்கத்தை விட்டுக் கேட்டு, பெரியதாக வாங்கி வந்து விரித்தேன். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் நீலம். நீலம் வழவழப்பாக, பார்க்க நன்றாக இருந்ததால் அதை மேலே போட்டேன்! இது நடந்து கொஞ்ச நேரத்தில் மாமி வாசலில் வந்து நின்று மூச்சை இழுத்தார்.

“என்னடி பண்ணி வெச்சிருக்கே? நீலம் பிளாஸ்டிக்குடி. அதுல எப்படி உறிஞ்சும்? எல்லாம் முதுகுக்கடியில ஓடிண்டிருக்கு பாரு. வெள்ளை மேல வரணும்.”

அம்மா கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இடுப்பைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, நனைந்ததைச் சுருட்டி எடுத்து, துடைத்து, ஒற்றி, ஈரம் போக விசிறி, புதியதை விரித்து, திரும்பவும் மல்லாத்திப் படுக்க வைத்தார். அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. அன்று மாமியின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

மறுநாளே என்னைப் புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவருக்கு வாடிக்கையான சர்ஜிகல் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஒரு பாய். மாமியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்கம்மா. இன்னிக்கு எந்த பாக்கெட்டைப் பிரிக்கப் போறீங்க?”

“ஒண்ணே ஒண்ணுதான் பாய். மனசுக்குப் பிடிச்சுதுன்னா அதையே எடுத்துண்டு போயிடறேன்.”

நல்ல சித்திரை வெயில். மாமி கைப்பையிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்தார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடி மேஜைமேல் ஒரு பேடை விரித்து அதன் நடுவில் பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். கொஞ்சம் பொறுத்து, புறங்கையை அதன்மேல் வைத்து அழுத்தி, எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது வெறும் பஞ்சு. குடிச்சுட்டுக் கக்கிடும். வேண்டாம்” என்று தள்ளிவிட்டார். “உள்ள ரவை மாதிரி குருணை இருக்கணும். ஈரம் பட்டா ஜவ்வரிசி மாதிரி இறுகிடணும். ஓரம் முரட்டுத்தனமா இருந்தா தோல்ல கோடு விழும், அதையும் பாத்துக்கோ. நீளம் இடுப்புலேந்து முழங்கால் வரைக்கும். ரெண்டு பக்கமும் மெத்தைக்கடியில சொருக மிச்சம் வேணும்.”

“இவங்க பார்த்து எடுத்தா அப்புறம் யாரும் திருப்பிக் கொண்டு வர்றதில்லைங்க” என்று பாய் என்னிடம் சொன்னார். அவர் குரலில் இருந்தது மரியாதையா, ஆளை அனுப்பினால் போதும் என்பதா தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியிடம் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார். வெளியே எச்சில் பண்ண மாட்டார்கள் என்று நானே அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவின் முதுகு ஆறியது. இப்போது நான் எதிர் வீட்டுக்குள் சகஜமாகப் போய்வர ஆரம்பித்தேன். மாமா படுத்திருந்த அறையைக் கோயில் மாதிரி வைத்திருந்தார் மாமி. சலவை வேட்டி, நெற்றியில் பிசிறில்லாத திருமண், சுருக்கம் இல்லாத விரிப்பு, அதற்கு மேல் வெள்ளை பேட். மாமாவின் உதட்டில் எப்போதும் நெய் பளபளக்கும். ஒரு நாள் நான் போனபோது மாமி விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தார்.

“உதடு வெடிச்சு வெடிச்சுப் போறது, பாவம்” என்றார்.

எத்தனை பிரியம் என்று நினைத்தேன். காலையில் விரித்த பேடைச் சாயங்காலம் உருவி எடுத்து என் கையில் கொடுத்தார். “தூக்கிப் பாரு.”

பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல லேசாக இருந்தது.

“நல்ல பேட் மாமி” என்றேன்.

“பேட்ல என்னடி இருக்கு? எல்லாம் பாத்துக்கறதுல இருக்கு” என்றார் மாமி.

என் விடுமுறை தீர்ந்தது. கண்டோன்மென்ட்டில் எனக்கு வேலை. பகலில் அம்மாவை யாரிடம் விடுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது மாமி தானாக வந்து சாவியைக் கேட்டார். “ரெண்டு எட்டு வெச்சா உங்காத்து வாசல். எனக்கு இது ஒரு வேலையா? நீ நிம்மதியா போயிட்டு வா.” அவர் வீட்டுச் சாவி ஒன்றையும் அவசரத்துக்கு என்று என்னிடம் கொடுத்தார்.

நிஜமாகவே நிம்மதியாகத்தான் போய்வந்தேன். சாயங்காலம் வந்தால் அம்மா தலைவாரி, நெற்றிக்கு இட்டு, காய்ந்த படுக்கையில் படுத்திருப்பாள். பேட் செலவு பாதிக்கும் கீழே போனது. ஆபீஸில் எல்லோரிடமும் மாமி புராணம்தான். “எனக்கு இப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டேங்குறாங்களே” என்று பொறாமைப்பட்டார்கள்.

அம்மா சோற்றைவிடத் தண்ணீரை அதிகம் விரும்புகிறவள். படுக்கப் போகும்போதுகூடத் தலைமாட்டில் ஒரு சொம்பு வேண்டும். இப்போது நான் சொம்பை நீட்டினால் “தாகமா இல்லம்மா” என்றாள். பேச்சும் குறைந்தது. படுத்துக் கிடப்பதால் வந்த சோர்வு என்றார்கள், வயசு என்றார்கள். ஒரு சாயங்காலம் உள்ளே நுழைந்த என்னைப் பார்த்து, எப்போதோ செத்துப்போன தன் அக்காவின் பெயரைச் சொல்லி “எப்ப வந்தே?” என்று கேட்டாள். தொட்டால் அனலாகக் கொதித்தது. நாக்கு மரப்பட்டை மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

“தண்ணி எவ்வளவு குடிக்கிறாங்க? யூரின் ஒழுங்கா போறாங்களா?”

“பேட் நனையறதே இல்ல டாக்டர். அவ்வளவு நல்லா பார்த்துக்கறாங்க” என்றேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது நல்ல சேதி இல்லீங்க. உடம்புல தண்ணியே இல்ல. இன்ஃபெக்‌ஷன் ஆகியிருக்கு. நாலு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்.”

டிரிப் ஏறியதும் அம்மாவுக்குத் தெளிவு வந்தது. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த மாமியைத் திட்டாதே. அவங்க தப்பா ஒண்ணும் சொல்லல” என்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“உங்க பொண்ணு நாள் முழுக்க உழைச்சுட்டு வந்து இதையும் அள்ளணும். நாம தண்ணிக்கு வாயைக் கட்டினா அவ கொஞ்சம் பொழைப்பா அப்படின்னாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா தப்பித்துவிட்டாள் என்ற நிம்மதி வருவதற்குள் மாமாவின் நெய் தடவிய உதடு கண் முன்னால் வந்து நின்றது. என் அம்மாவுக்குக் காது கேட்கும், யோசிக்கத் தெரியும், அதனால் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். நினைவு தப்பிய அந்த மனுஷருக்கு என்ன நடக்கிறது?

ஆபீஸ் தோழியை அம்மா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தேன். அன்று ஆடி அமாவாசை. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஆட்டோ நுழைய முடியவில்லை. அகத்திக்கீரைக் கட்டுகளையும் எள் பொட்டலங்களையும் தாண்டித் தாண்டி நடந்தேன். மாமி வீடு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு நேரே அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து மாமாவிடம் போனேன்.

“மாமா, கொஞ்சம் தண்ணி குடிங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார். கண்ணை அதிலிருந்து எடுக்காமலே சொன்னார். “வேண்டாம்மா. இன்னிக்கு ஏகாதசி.”

அந்த வீட்டில் ஏகாதசி என்றால் சொட்டுத் தண்ணீர் பல்லில் படாத விரதம். மறுநாள் துவாதசி வந்தால்தான் வாய் நனைப்பார்கள். உத்தியோகத்தில் இருந்த காலத்திலிருந்து மாமா ஒரு ஏகாதசியைக்கூட விட்டதில்லை என்று மாமி பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“இல்ல மாமா, இன்னிக்கு அமாவாசை. கீழ ரோடு பூரா தர்ப்பணக் கூட்டம்.”

“அவ காத்தால சொன்னாளே, ஏகாதசின்னு.”

“நேத்து என்ன மாமா?”

“நேத்தும் ஏகாதசிதான்.”

“அதுக்கு முந்தின நாள்?”

“இருக்கும். சில சமயம் ரெண்டு நாள் சேர்ந்தாப்பல வரும்மா. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாறும்” என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. மாமி உள்ளே வந்தார். என்னையும் டம்ளரையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“என்ன மாமி இது? இவரை இப்படியா ஏமாத்துவீங்க? எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க, தெரியுமா?” என்று கத்தினேன்.

“மெதுவா பேசு. அவர் காதுல விழும்” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தார். அவர் கையும் காய்ந்து காகிதம் மாதிரிதான் இருந்தது. “ஏமாத்தறேன்னா சொல்றே? நான் தீர்த்தம் சாப்பிட்டு நீ பாத்திருக்கியோ?”

யோசித்துப் பார்த்தேன். மாமி தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய உதட்டோரமும் வெடித்திருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

“அவருக்கு ஏகாதசின்னா எனக்கும் ஏகாதசி. ஒரு தூக்கம் தூங்கி எழுந்தா துவாதசி வந்துடுத்துன்னு சொல்வேன். ஒரு கரண்டி குழைஞ்ச சாதம், ரெண்டு ஸ்பூன் தீர்த்தம். எனக்கும் அவ்வளவுதான். மறுபடி கண்ணசந்துட்டார்னா மறுபடி ஏகாதசி. அவரைப் பட்டினி போட்டுட்டு நான் மட்டும் குடிச்சேன்னா அதுக்குப் பேர்தான் ஏமாத்தறது.”

“எதுக்கு மாமி? அதுக்குத்தானே பேட் இருக்கு? நீங்கதானே எனக்குப் பார்த்துப் பார்த்து வாங்கிக் குடுத்தீங்க?”

மாமி அறைப்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“முதல் தடவை நனைச்சப்போ இவர் என்ன பண்ணினார் தெரியுமோ? என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணம் ஆனதுலேந்து ஒரு டம்ளர் காபி வேணும்னாக்கூட அதட்டித்தான் கேட்டிருக்கார். அப்படிப்பட்டவர் கும்பிட்டு, மன்னிச்சுடும்மான்னார். அம்மான்னார் என்னை. அந்த முகத்தை நான் இன்னொரு தரம் பாக்க மாட்டேன்.”

“அதுக்காக அவர் உயிர் போகணுமா மாமி?”

மாமியைப் பார்த்து எனக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஓர் அறை விடலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நான் திரும்ப அறைக்குள் போனேன். இனி நியாயம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாமாவின் தலையை என் கையில் தாங்கி, டம்ளரை உதட்டருகே கொண்டுபோனேன்.

“மாமா, ஏகாதசி போயிடுச்சு. விடிஞ்சு துவாதசி வந்தாச்சு. குடிங்க.”

மாமாவின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். திறந்தவர், என் தோளுக்கு மேலே வாசல்படியில் நின்ற மாமியைத் தேடினார்.

“துவாதசியா? நீ சொல்லு” என்றார் அவரிடம்.

“சொல்லுங்க மாமி” என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமி கட்டில் பக்கம் வந்தார். மாமாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. குனிந்து, அவர் இடுப்புக்குக் கீழே விரித்திருந்த வெள்ளை பேடைப் புறங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். எச்சிலைக் கூட்டி விழுங்கப் பார்த்து, விழுங்க ஒன்றும் இல்லாமல், தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

“நாளைக்குத்தான் துவாதசி” என்றார்.

“சரி” என்று சொல்லி மாமா வாயை மூடிக்கொண்டார்.